ஏரிக்கரையில் எழுதினால் யார் காசு தருவார்?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழவேற்காடு ஏரிக்கு இந்தப் பக்கம், சென்னை–கூடூர் ரயில் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி நிலையமான ஆரம்பாக்கத்திலிருந்து இரண்டு பேர் அதைப் பற்றி இணையத்தில் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதுவது: ராக்கெட் கிளம்புவதை நேரில் பார்க்க எப்படிப் போவது, 2019-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பார்வையாளர் மாடத்துக்கு எப்படிப் பதிவு செய்வது, சூளூர்ப்பேட்டையில் எங்கே தங்குவது, அப்படியே பூநாரைகளையும் பார்த்துவிட்டு வருவதற்கு எந்த மாதம் தோது. இன்னொருவர் எழுதுவது: ஏவும் நாளில் கடலுக்குப் போகாதீர்கள் என்று பழவேற்காட்டு மீனவர்களுக்கு அறிவிப்பு வருகிறதே, அன்றைய பிழைப்பு என்னாகிறது, படகு கரையில் நின்றால் ஐஸ் விற்பவர் முதல் மீன்கூடை தூக்கிப் போகும் பெண்கள் வரை யார் யாருக்குக் கூலி நிற்கிறது. இரண்டாவதை எழுத நாலு குப்பங்களில் உட்கார்ந்து பேச வேண்டும். முதலாவதை ஒரு சாயங்காலத்தில் வீட்டிலிருந்தபடியே முடித்துவிடலாம். ஆனால் காசு வந்தால் முதலாவதுக்குத்தான் வரும். இது ஏன் என்று விளங்கிவிட்டால், இணையத்தில் எழுதுகிறவர்கள் எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்பதில் முக்கால்வாசி விளங்கிவிடும்.

இணையத்தில் பெரும்பாலும் கட்டுரையை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. கட்டுரையைப் படிக்க ஒருவர் வந்து நிற்கிறார் அல்லவா, அவர் பார்வை படும் இடத்துக்குத்தான் விலை. நாம் ஒரு பக்கத்தைத் திறந்ததும், எழுத்து திரையில் வந்து சேர்வதற்குள் ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. படிப்பவர் எந்த ஊரில் இருக்கிறார், என்ன போன் வைத்திருக்கிறார், சமீபத்தில் எதையெல்லாம் தேடினார், இந்தப் பக்கம் எதைப் பற்றியது என்ற விவரங்களை வைத்து விளம்பரதாரர்களின் கணினிகள் விலை கேட்கின்றன. கூடுதல் விலை கேட்டவரின் விளம்பரம் வந்து உட்காருகிறது. கூகுள் நிறுவனம் 2003-இல் தொடங்கிய ஆட்சென்ஸ் இப்படித்தான் இயங்குகிறது. ராக்கெட் பார்க்கக் கிளம்புகிறவர் விடுதி எடுப்பார், வண்டி பேசுவார், பெட்டியும் காமிராவும் வாங்கினாலும் வாங்குவார். அவர் முன்னால் வந்து நிற்கப் பத்து வியாபாரிகள் போட்டி போடுவார்கள். மீனவர் இழந்த ஒரு நாள் கூலியைப் பற்றிப் படிப்பவரிடம் அந்த நேரத்தில் எதை விற்பது? ஏலத்தில் கேட்பாரில்லை என்றால் இடம் அடிமாட்டு விலைக்குப் போகும். கட்டுரை நன்றாக இருந்ததா இல்லையா என்ற கேள்வியே அந்த ஏலத்தில் எழுவதில்லை.

தமிழுக்கு இந்தக் கதவு தாமதமாகத்தான் திறந்தது. இந்திக்கு 2014-இல் கிடைத்த ஆட்சென்ஸ் தமிழுக்குக் கிடைத்தது 2018-இல். அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளாகத் தமிழ் வலைப்பதிவுகளில் சினிமாவும் சமையலும் சண்டையும் சரித்திரமுமாக எழுதிக் குவித்தவர்களில் பலர் ஒரு பைசா எதிர்பார்க்காமல் எழுதியவர்கள். இப்போது கணக்கு என்ன? விளம்பரதாரர் கொடுக்கும் பணத்தில், வாங்கும் தரப்பின் கட்டணம் போக மீதியில் 80 சதவீதம் தளம் வைத்திருப்பவருக்கு என்று 2023 நவம்பரில் கூகுள் அறிவித்தது. மொத்தத்தில் பார்த்தால் அது பழைய 68 சதவீதத்தை ஒட்டியே நிற்கும் என்றும் சொன்னது. கேட்க நல்ல பங்காகத்தான் இருக்கிறது. ஆனால் எதில் 68 சதவீதம் என்பதுதான் விஷயம். ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பேர் பார்த்தால் எழுதியவர் கைக்கு 30 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் பேர் படித்தால் 300 ரூபாய். பத்தாயிரம் வாசகர் என்பது தமிழ்ச் சிற்றிதழ்கள் கனவிலும் காணாத எண்ணிக்கை. கூலியோ ஒரு நாள் டீச்செலவும் பஸ் செலவும். இதே பக்கத்தைக் கும்மிடிப்பூண்டியில் ஒருவர் பார்ப்பதைவிட டொரண்டோவில் ஒரு தமிழர் பார்த்தால் கூடுதலாகக் கிடைக்கும், அங்கே விளம்பரத்துக்கு விலை அதிகம் என்பதால். எழுதுபவர் கால் வைத்த ஊரைவிட வாசகர் உட்கார்ந்திருக்கும் ஊர்தான் வருமானத்தைத் தீர்மானிக்கிறது.

அந்தப் பணமும் உடனே கைக்கு வந்துவிடாது. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், எழுதுபவர் கொடுத்த முகவரிக்குச் சாதாரணத் தபாலில் ஒரு கடிதம் புறப்படும். அதற்குள் ஓர் எண் இருக்கும். வந்து சேர இரண்டிலிருந்து நான்கு வாரம். அந்த எண்ணைக் கணினியில் பதிந்தால்தான் முகவரி உண்மை என்று ஏற்பார்கள். நான்கு மாதத்துக்குள் பதியாவிட்டால் விளம்பரமே நின்றுபோகும். கதவு எண் ஒழுங்காக இல்லாத மீனவக் குப்பத்தில் இந்தப் புத்தம் புதிய தொழிலின் முதல் வருமானம் தபால்காரரின் ஞாபகசக்தியை நம்பித்தான் இருக்கிறது. பிறகு 100 டாலர் சேரும் வரை பணம் அசையாது. மேலே சொன்ன பேச்சுக் கணக்குப்படி அதற்குக் கிட்டத்தட்ட மூன்று லட்சம் பார்வை வேண்டும். சீக்கிரம் சேரட்டுமே என்று சொந்தக்காரர்களிடம் விளம்பரத்தைத் தட்டச் சொன்னால் முறைகேடான தட்டல் என்று கணக்கையே மூடிவிடுவார்கள். புதிதாக வருபவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இது.

விளம்பரம் தவிர வேறு வழிகளும் உண்டு. ஒரு பொருளைப் பற்றி எழுதி, அதை வாங்கும் இணைப்பையும் கொடுத்து, விற்றால் தரகு வாங்கலாம். ஒரு நிறுவனமே காசு கொடுத்துத் தன்னைப் பற்றி எழுதச் சொல்லலாம். அப்படி எழுதினால் அது விளம்பரம் என்று கண்ணில் படும்படி போட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021 ஜூன் முதல் விதி வைத்திருக்கிறது, எத்தனை பேர் போடுகிறார்கள் என்பது வேறு கதை. பெயரே வராமல், நிறுவனங்களின் தளங்களுக்குச் சொல்லுக்கு இத்தனை பைசா என்று எழுதிக் கொடுப்பவர்கள் இன்னொரு வகை. மூன்றிலும் பணம் கொடுப்பவர் விற்பனையாளர்தான். ஏரியை நம்பி வாழும் வீட்டைப் பற்றி எழுத எந்த விற்பனையாளருக்கும் அவசியமில்லை.

பணம் எந்த விதிப்படி வருகிறதோ, எழுத்து அந்த விதிக்கு ஏற்ற உருவம் எடுக்கும். இதை ஊகமாகச் சொல்லவில்லை, கண்ணெதிரே நடந்திருக்கிறது. அமேசானின் சந்தா வாசிப்புத் திட்டமான கிண்டில் அன்லிமிடெட் 2014-இல் தொடங்கியபோது, வாசகர் ஒரு நூலில் பத்து சதவீதம் படித்தாலே முழு நூலுக்கான பங்கு எழுதியவருக்குக் கிடைத்தது. இருபது பக்க நூலில் பத்து சதவீதம் இரண்டே பக்கம். சும்மா இருப்பார்களா? குட்டி நூல்கள் குவிந்தன. ஒரே நாவலைத் துண்டு போட்டு விற்றார்கள். 2015 ஜூலையில் படித்த பக்கத்துக்குத்தான் பணம் என்று விதியை மாற்றியதும் காற்று திசை மாறி, நூல்கள் நீளத் தொடங்கின. மீடியம் தளம் 2017-இல் வாசகரின் கைதட்டலைக் கணக்கிட்டுப் பணம் கொடுத்தது. 2019-இல் படித்த நேரத்துக்கு மாறியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுதுபவர்கள் கையை மாற்றிப் பழக வேண்டியிருந்தது. அவர்களைக் கூப்பிட்டு யாரும் யோசனை கேட்கவில்லை. தமிழில் பிரதிலிபி என்ற கதைத் தளத்தைப் பார்த்தால் தெரியும்: அத்தியாயம் அத்தியாயமாக வரும் குடும்பக் கதைகள், காதல் கதைகள், ஒவ்வொன்றின் முடிவிலும் அடுத்ததைத் திறக்க வைக்கும் ஒரு முடிச்சு. அடுத்த பகுதியை முன்கூட்டியே படிக்க வாசகர் காசு கட்டும் ஏற்பாட்டில் வேறு எப்படி எழுதுவது? இதைக் குறையாகவும் சொல்ல முடியாது. 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோதும் அத்தியாயத்தின் கடைசி வரியில் யாராவது கதவைத் தட்டத்தான் செய்தார்கள். வாரா வாரம் இதழ் விற்க வேண்டியிருந்தது.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. அச்சுப் பத்திரிகை மட்டும் என்ன வாரி வழங்கிவிட்டதா, சன்மானம் என்ற பெயரில் வந்த தொகையை வைத்து யார் வீடு கட்டினார்கள் என்று கேட்பார்கள். கேட்பது சரிதான். தமிழில் எழுத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். புதுமைப்பித்தன் 1948-இல் எந்த வறுமையில் இறந்தார் என்பது ஊரறிந்தது. ஆனால் தொகையைவிட முக்கியமான ஒரு வித்தியாசம் இருக்கிறது. பத்திரிகை ஒரு கட்டுரையை ஏற்றுக்கொண்டால், அதை எத்தனை பேர் படித்தாலும் படிக்காவிட்டாலும் பேசிய தொகையைக் கொடுக்க வேண்டும். படிக்க ஆள் வராத நஷ்டம் பத்திரிகையுடையது. இணையத்தில் அந்த நஷ்டம் முழுவதும் எழுதியவர் தலையில் வந்து விழுகிறது. நாலு குப்பம் அலைந்த பஸ் காசு, போன் செலவு, தொலைந்த நாள் எல்லாம் அவருடையது. படித்தால் பங்கு உண்டு, படிக்காவிட்டால் அவர் பாடு அவரோடு. சினிமா விழாவைப் பற்றி எழுதுபவருக்கு இந்த நஷ்டம் சிறியது. களத்துக்குப் போய் எழுதுபவருக்குத்தான் பெரியது. ஆகவே விதி எதையும் தடை செய்யாமலேயே எவ்வகை எழுத்து குறையும் என்பது முடிவாகிவிடுகிறது.

அதற்காக அச்சுலகத்தை நினைத்து உருகவும் வேண்டாம். மவுண்ட் ரோட்டுப் பத்திரிகை அலுவலகங்களில் யாரையாவது தெரிந்திருக்க வேண்டிய காலத்தில், ஏரிக்கரைக் குப்பத்து இளைஞர் ஒருவரின் கட்டுரை ஆசிரியர் மேஜைக்குப் போய்ச் சேர்வதே அதிர்ஷ்டம். இன்று கையில் இருக்கும் போனிலேயே எழுதி அன்றே வெளியிடலாம், யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. இந்த லாபம் உண்மையானது. கதவு திறந்திருக்கிறது என்பதையும் உள்ளே கூலி கிடைக்கிறது என்பதையும் ஒன்றாக்கிப் பேசும்போதுதான் ஏமாற்று தொடங்குகிறது.

இணையத்தில் எழுதி மாதம் லட்சம் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்களே என்பது அடுத்த ஆட்சேபம். இருக்கிறார்கள். கடன் அட்டை, காப்பீடு, வேலைவாய்ப்பு, போட்டித் தேர்வு, கைபேசி என்று ஏலத்தில் விலை ஏறும் விஷயங்களில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், கட்டுரைகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி நடத்துபவர்கள் பலர். அதை எழுத்து என்பதைவிடக் கடை நடத்துவது என்பதே பொருத்தம், அதில் கேவலமும் இல்லை. இன்னும் சிலரின் வருமானம், லட்சம் சம்பாதிப்பது எப்படி என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுப்பதில் வருகிறது. நல்ல எழுத்துக்குத் தானாக ஆள் வரும் என்பவர்கள் எழுத்தாளர் ஜெயமோகனைக் காட்டுவார்கள். 2014 ஜனவரி 1 தொடங்கி 2020 ஜூலை வரை ‘வெண்முரசு’ வரிசையின் 26 நாவல்களை நாள்தோறும் தன் தளத்தில் இலவசமாக வெளியிட்டார். ஆள் வந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே கால் நூற்றாண்டு அச்சில் எழுதிப் பெயர் பெற்றவர் அவர். தொலைபேசித் துறை உத்தியோகமும் பிறகு திரைக்கதைகளும் அவருக்குச் சோறு போட்டன. வெண்முரசு புத்தகமாகத்தான் விலைக்கு விற்றது. இணையம் அங்கே வாசகரைச் சேர்த்துத் தந்தது, சம்பளம் தந்ததாகச் சொல்ல முடியாது. சாரு நிவேதிதா தன் தளத்தில் சந்தாவும் நன்கொடையும் வெளிப்படையாகவே கேட்டு எழுதுகிறார். அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது இந்த வட்டாரத்தில் நேர்மையான ஏற்பாடாகத்தான் படுகிறது.

பழவேற்காடு ஏரியில், நல்ல இடம் யாருக்கு என்ற சிக்கலுக்கு ஒரு பழைய தீர்வு இருக்கிறது. ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒன்றுபோல் கிடைக்காது. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டப் பகுதிகளில் அதிகம். வல்லவன் போய் நல்ல இடத்தை மடக்கிக்கொள்ளாமலிருக்க, பாடு என்ற முறையை மீனவ கிராமங்கள் வைத்திருக்கின்றன. எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடும் என்று சீட்டுப் போட்டு, முறை வைத்துச் சுற்றிவிடுகிறார்கள். இன்று மோசமான இடம் கிடைத்தவருக்கு வேறொரு நாள் நல்ல இடம். தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து. இணையத்திலும் வருமானம் என்பது இடத்தைப் பொறுத்ததுதான்: தேடல் முடிவில் முதல் வரியில் நிற்கும் கட்டுரைக்குக் கூட்டம், இரண்டாம் பக்கத்தில் கிடப்பதற்கு ஈ, காக்கை. ஆனால் அந்த இடத்துக்கு முறை கிடையாது, சீட்டு கிடையாது. நேற்றுவரை முதலில் நின்றவர் இன்று காணாமல் போனால் முறையிடப் பஞ்சாயத்தும் கிடையாது. பாடு முறையை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் முடியாது. அந்த உரிமை பட்டினவர் சமூகத்தில், ஊரில் குடியிருக்கும், கல்யாணமான ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்குப் பங்கில்லை, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் இல்லை. வேலி போட்டு, வேலிக்குள் நியாயம் செய்யும் முறை அது. இணையத்தில் வேலி இல்லை. நியாயம் செய்யும் பொறுப்பும் யாருக்கும் இல்லை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. பாடு முறையைப் பற்றி வெளியுலகுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, 1991-இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு வெளியிட்ட செபாஸ்டியன் மேத்யூவின் ஆய்வைப் போன்ற ஆங்கில ஆவணங்களிலிருந்து வந்தது. அதை இன்று இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். எத்தனை பேர் படிப்பார்கள் என்று பார்த்து அதற்குக் காசு ஒதுக்கியிருந்தால் அது எழுதப்பட்டே இருக்காது. விளம்பரம் விலை கொடுக்காத விஷயத்தை எழுத, படிப்பதற்கு முன்பே பணம் போட ஒருவர் வேண்டும்: அது நிறுவனமாக இருக்கலாம், பத்திரிகையாக இருக்கலாம், நன்கொடையில் நடக்கும் தளமாக இருக்கலாம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய ‘பாரி’ என்ற ஊரக இந்தியாவின் மக்கள் ஆவணகம் நன்கொடையில்தான் நடக்கிறது. தமிழிலும் வெளியிடுகிறது, விளம்பரம் கிடையாது.

முன்பே பணம் போடுபவரின் தேவை இனி கூடத்தான் செய்யும். 2024 ஆகஸ்டில் கூகுள் இந்தியாவில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தேடல் முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கத்தைக் காட்டத் தொடங்கியது. பூநாரை எந்த மாதம் வரும் என்று தேடினால் பதில் அங்கேயே கிடைக்கும். பதிலை முதலில் எழுதி வைத்தவரின் பக்கத்தைத் திறக்க வேண்டிய அவசியம் குறையும். பக்கம் திறக்காவிட்டால் ஏலம் இல்லை, காசும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், இதில் முதலில் அடிபடுவது நம் ராக்கெட் வழிகாட்டிக் கட்டுரைதான். பெரிய நிறுவனங்களிடமிருந்து சட்டம் போட்டுப் பணம் வாங்கலாம் என்று பார்த்த நாடுகள் உண்டு. ஆஸ்திரேலியா 2021-இல் சட்டம் கொண்டுவந்தது, பணமும் வந்தது, ஆனால் அது செய்தி நிறுவனங்களுக்குப் போனது. கனடா 2023-இல் அதே வழியில் போக, மெட்டா நிறுவனம் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அந்த நாட்டில் செய்திகளையே நிறுத்திவிட்டது. இந்தியாவில் டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர் சங்கத்தின் புகாரின் பேரில் போட்டி ஆணையம் 2022 ஜனவரியில் கூகுள்மேல் விசாரணைக்கு உத்தரவிட்டது. இவற்றில் எதிலும் தனியாக எழுதுபவர் ஒரு தரப்பாகவே இல்லை.

மிஞ்சுவது வாசகரே நேராகக் கொடுக்கும் பணம். கணக்கு இங்கே அடியோடு மாறுகிறது. 200 பேர் மாதம் 50 ரூபாய் கொடுத்தால் 10,000 ரூபாய். சப்ஸ்டாக் போன்ற தளம் என்றால் 10 சதவீதம் போகும், பணம் கடத்தும் கட்டணம் தனி. விளம்பரத்தில் மூன்று லட்சம் பார்வையால் வருவதை இங்கே 200 பேரே கொடுத்துவிடுகிறார்கள். தமிழில் 2021-இல் பத்திரிகையாளர் சமஸ் தொடங்கிய ‘அருஞ்சொல்’ வாசகர் சந்தாவை நம்பி வந்த தளம். காசு கொடுக்க முடிந்தவர்களுக்கு மட்டும்தான் வாசிப்பா என்பார்கள். கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்க, எல்லோரும் படிக்கும்படி திறந்து வைப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. அதைவிடக் கனமான சிக்கல் வேறு. ஏரியைப் பற்றி ஆரம்பாக்கத்திலிருந்து எழுதுபவருக்கு அந்த 200 பேர் யாராக இருப்பார்கள்? பெரும்பாலும் இந்த ஊர்களிலிருந்து சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்ச் சம்பாதிப்பவர்கள், அவர்களுடைய உறவுகள், ஏரியை நேசிக்கும் சில பறவை ஆர்வலர்கள். ஏரியைப் பாதிக்கும் ஒரு துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து எழுதினால் அவர்கள் கைதட்டுவார்கள். பாடு உரிமையில் பெண்களுக்கும் இருளர்களுக்கும் ஏன் பங்கில்லை என்று எழுதினால் 200 என்பது அடுத்த மாதம் 120 ஆகலாம். விளம்பரதாரர் முகம் தெரியாதவர், எழுதுபவரைக் கவனிக்காமல் விடுவார், அவ்வளவுதான். சந்தாதாரர் தெரிந்தவர், திருவிழாவில் எதிரே வருபவர், கோபித்துக்கொள்ளத் தெரிந்தவர். ஆகவே எந்த ஒரு வழியிலும் வருமானத்தில் பாதிக்குமேல் வராமல் பார்த்துக்கொள்வதுதான் எழுதுபவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு: கொஞ்சம் சந்தா, பத்திரிகைச் சன்மானம் கொஞ்சம், புத்தகமாகத் தொகுத்தால் கொஞ்சம், கூச்சப்படாமல் ஒரு ராக்கெட் வழிகாட்டி. நான்கும் சேர்ந்தாலும் முழுச் சம்பளம் ஆகாது என்பதால், ஆரம்பாக்கத்திலிருந்து எழுத வருபவர் இன்னும் பல காலத்துக்கு வேறொரு வேலையையும் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கும்.